பாறசாலைப் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகம்

கேரளத்தில் 'காசர்கோடு முதல் பாறசாலை வரை' என்று ஒரு பேச்சு உண்டு. நாம் 'காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை' என்கிறோமே, அது போல. மாநிலம் முழுவதும் என்பது பொருள். அந்தப் பாறசாலைதான் என் ஊர்ப்பக்கம். ரயிலில் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வந்தால் நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பிறகு பாறசாலை. அதற்கடுத்த குழித்துறை மேற்கு தமிழ்நாடு. வண்டி எல்லையைத் தாண்டுவது யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் அதே தென்னை, அதே ரப்பர், அதே மரச்சீனிக் கிழங்கு.

மும்பையில் மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது நம் சங்கக் கூட்டத்தில் இந்த நூலக விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். நான் எழுத்தாளன் அல்ல. நாகர்கோவிலில் சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் ஐ.ஓ.டபிள்யூ. ஆகச் சேர்ந்து, பெயர் மாறிச் செக்ஷன் எஞ்சினீயராகி, 2018-இல் ஓய்வு பெற்றவன். பாலம், பிளாட்பாரம், குவார்ட்டர்ஸ் ஒழுகல் இவைதான் என் படிப்பு. ஆகையால் இலக்கிய நயம் எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதியின் கதையை இளைய தலைமுறைக்காக இரண்டு வரியில் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, கிடைக்கவில்லை. ஆக, நாங்கள் கேரளத்தில் நின்றோம். அதில் இன்றைக்கு எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் மனைவி மலையாளி, மருமகளும் அப்படியே. ஆனால் வீட்டில் தமிழ் பேசி வெளியே மலையாளம் எழுதுகிற குடும்பங்களில் தமிழ் எழுத்து எப்படிக் கழன்று போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

கல்லூரிகளுக்கு எங்கள் பக்கம் குறைவில்லை. தனுவச்சபுரத்தில் வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி 1964-இல் வந்தது. அதே 1964-இல் எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. நான் சொல்லப் போவது இவை இரண்டும் அல்ல, பிற்காலத்தில் வந்த ஒரு சிறிய கல்லூரி. அதன் பெயரை எழுதவில்லை. குறை சொல்லுகிற இடங்களும் வரும் என்பதால் அது மரியாதை இல்லை.

அந்தக் கல்லூரி நூலகத்துக்குள் நான் முதலில் போனது 2022-இல். கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் பூட்டியது, 2021 அக்டோபரில்தான் கேரளத்தில் கல்லூரிகள் முழுமையாகத் திரும்பத் திறந்தன. ஒன்றரை வருஷம் ஆள் நடமாட்டம் இல்லாத அறை என்றால் கரையானுக்குக் கலியாணச் சாப்பாடுதானே! நூலகர் அம்மா (அங்கே எல்லாப் பெண்களும் 'டீச்சர்'தான், நானும் டீச்சர் என்றே கூப்பிடுவேன்) எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒருநாள் காய்கறிக் கடையில் வைத்து, "சார், ஒண்ணு வந்து பாக்கணும். சுவர் ஓரத்து அலமாரியைத் திறந்தா மண்ணாக் கொட்டுது" என்றார். டார்ச் லைட்டும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். ரயில்வே பழக்கம்.

சுவர் ஓரத்து அலமாரி என்று அவர் சொன்னது தமிழ் அலமாரி. மரத்தால் ஆனது, இரண்டு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. குழாய் கசிந்து சுவர் ஊறிப் போயிருந்தது. ஈரமும் மரமும் இருட்டும் சேர்ந்த இடத்தில் கரையான் வராமல் இருந்தால்தான் அதிசயம். கீழ்த்தட்டு முழுக்கப் போயிருந்தது. நடுத்தட்டில் புத்தகத்தின் முதுகு அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் உள்ளே கூடு. நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் பச்சை மையில் ஒரு கையெழுத்தைப் பார்த்தேன். என் தமிழ் வாத்தியாருடையது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இருந்தது. வாத்தியார் ஓய்வு பெற்றபோது தம் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊர் வாசகசாலைக்குக் கொடுத்தார். சைக்கிள் கேரியரில் கட்டி நாலு நடையாகக் கொண்டு போனவன் நான்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். "மக்கா, மழை வருது, மூடிக் கொண்டு போ" என்று தம் துவர்த்தையே எடுத்துத் தந்தார். கேரளத்தில் ஊருக்கு ஒரு வாசகசாலை என்பது வெறும் பேச்சு அல்ல. பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் தொடங்கினார். அது வளர்ந்து 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா பரிசு வரை போயிற்று. அவர் 1995 ஜூன் 19-ஆம் தேதி காலமானார். அந்த நாள்தான் கேரளத்தில் வாசிப்பு நாள். எங்கள் ஊர் வாசகசாலையும் அந்த வரிசையில் ஒன்று. ஓட்டுக் கட்டிடம் விழுந்தபோது மலையாளப் புத்தகங்களைப் பக்கத்து ஊர் எடுத்துக்கொண்டது. தமிழை யாரும் கேட்கவில்லை. கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் நான் பாலக்காட்டிலும் கொல்லத்திலும் வேலையில் இருந்தபோது நடந்திருக்கிறது. ஊருக்கு லீவில் வந்துபோன அத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகங்கள் எங்கே என்று நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

ஆகவே கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். தூசு அடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அடுத்துத்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. நாக் குழு வருகிறது என்று நிர்வாகம் நூலகத்தைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்தது. நாக் என்பது கல்லூரிகளுக்குத் தரம் போடுவதற்காக 1994-இல் பெங்களூரில் அமைந்த அமைப்பு. அதன் வருகை என்றால் கல்லூரிகளில் ரயில்வே ஜி.எம். இன்ஸ்பெக்ஷன் மாதிரி: வெள்ளை அடிப்பார்கள், பூந்தொட்டி வைப்பார்கள். திட்டத்தில் இரண்டு அம்சம். ஒன்று, கீழே உள்ள நூலகத்தை மாடியில் இரண்டு வகுப்பறைகளுக்கு மாற்றிவிட்டுக் கீழ் ஹாலை செமினார் ஹால் ஆக்குவது. இரண்டு, ஐந்து வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிடுவது. கழிக்கும் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தமிழ் அலமாரி இரண்டும் முழுசாக அதில் இருந்தன. சுமார் அறுநூறு புத்தகம்.

முதல் அம்சத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. நம் நாட்டுத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம், கட்டிடத் தளம் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று சொல்கிறது. வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. புத்தக அடுக்கு நிற்கும் அறைக்கு அதன் இரட்டிப்பு, 6 கிலோ நியூட்டன், அடுக்கு 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் இன்னும் கூடும். வகுப்பறை என்று கட்டிய தளத்தில் நூலகத்தைக் கொண்டு போய் வைக்கலாமா? வாய்ச்சொல்லில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று, பலசரக்குக் கடையில் தராசு வாங்கி வந்து டீச்சரும் நானும் புத்தகங்களை நிறுத்தோம். அட்டெண்டருக்கு ஒரே சிரிப்பு. "லைப்ரரியில் புத்தகத்தைக் கிலோ கணக்கில் பார்க்கிறது ஆக்ரிக்காரன் மட்டும்தான்" என்றார்.

பாடப்புத்தகமும் பைண்டு செய்த பத்திரிகைகளும் கலந்து ஒரு மீட்டர் தட்டுக்குச் சராசரி 30 கிலோ வந்தது. இரண்டு பக்கமும் ஆறு தட்டு உள்ள, 90 சென்டிமீட்டர் அகல ஸ்டீல் ரேக் ஒன்றில் கிட்டத்தட்ட 11 மீட்டர் தட்டு இருக்கிறது. ரேக்கின் எடையையும் சேர்த்தால் 370 கிலோ. நடைபாதைக்கு இரண்டரை அடி விட்டுக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 340 கிலோ தாண்டுகிறது. அதுவும் நடக்கிற பிள்ளைகளைச் சேர்க்காமல். 12,000 புத்தகம், 28 ரேக், மொத்தம் பத்து டன்னுக்கு மேல். பழைய நாலு சக்கர வேகனில் கிட்டத்தட்டப் பாதி லோடு. இதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுத்தேன். அவர் இயற்பியல்காரர், உடனே புரிந்துகொண்டார். நிர்வாகத்தில் ஒருவர் மட்டும், "டிப்ளமாக்காரர் சொல்வதை வைத்துத் திட்டத்தை மாற்றுவதா?" என்றாராம். நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய வாக்கியம். பட்டதாரி எஞ்சினீயர் ஒருவரை வரவழைத்தார்கள். அவரும் அதே எண்ணைச் சொல்லிவிட்டுப் பீஸ் வாங்கிக்கொண்டு போனார். நூலகம் கீழேயே இருந்தது.

இரண்டாவது அம்சம் கணக்கில் அடங்கவில்லை. டீச்சரிடம் கேட்டேன். அவர் நியாயமாகத்தான் சொன்னார்: "சார், கல்லூரியில் தமிழ்த்துறை இல்லை. இஷ்யூ ரிஜிஸ்டரைப் பாருங்கள். அஞ்சு வருஷத்தில் தமிழ்ப் புத்தகம் ஒன்பதுதான் போயிருக்கு. இடம் இல்லாத இடத்தில் நான் எப்படி நியாயம் சொல்லுவேன்?"

நான் ஒரு வாரம் காலையில் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். கேரளத்துக் கல்லூரி நூலகங்களில் பாதிக் கூட்டம் பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிப்பவர்கள். ராங்க் பைல் என்று தடித்தடிப் புத்தகங்கள் இருக்கின்றன, அவைதான் அங்கே வேதம். மீதிப் பேர் நோட்ஸ் எழுதுகிறவர்கள். கொஞ்சம் பேர் பத்திரிகை. இதற்கிடையில் குழித்துறைப் பக்கமிருந்து பாசஞ்சரில் வரும் நாலைந்து பிள்ளைகள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழ் அலமாரியைத் திறந்து நின்றபடியே படித்துவிட்டு, திரும்ப வைக்கத் தெரியாமல் மேசையில் விட்டுப் போனார்கள். அட்டெண்டர் எடுத்து உள்ளே வைப்பார். ரிஜிஸ்டரில் ஏறாது. ஏனென்றால் ரிஜிஸ்டர் வீட்டுக்கு எடுத்துப் போவதை மட்டும்தான் எழுதும். ஒரு பெண்ணிடம் பேசினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவள். "வீட்டுக்கு ஏன் எடுக்கல, மக்ளே?" என்றேன். "தமிழ் புக் கொடுக்க மாட்டாங்கன்னு சீனியர் சொன்னாங்க அங்கிள்" என்றாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒன்றும் தெரியாது. அலமாரியில் பூட்டு தொங்கினால் அப்படித்தான் பேச்சு வரும்.

பூட்டு ஏன் என்றால், புத்தகம் காணாமற்போனால் நூலகர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். இந்தப் பயம் இந்தியா முழுவதும் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகளைத் தேடிப் படித்தேன். ஒரு வருஷத்தில் வெளியே கொடுத்தும் உள்ளே பார்த்தும் பயன்பட்ட 1000 புத்தகங்களுக்கு 5 வரை காணாமற்போவது நேர்மையின்மையாலோ அலட்சியத்தாலோ ஏற்படாதவரை இயல்பான இழப்பு என்று அதில் இருக்கிறது. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய நூலும் போனால்தான் கட்டாயம் விசாரணை. இவ்விதி எல்லாக் கல்லூரிக்கும் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் சர்க்காரே ஒத்துக்கொண்ட அளவுகோல் இருக்கிறது என்று தெரிந்ததில் டீச்சருக்குப் பாதி பாரம் குறைந்தது. அந்த விதியிலேயே 'உள்ளே பார்த்த' புத்தகமும் கணக்கில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதைப் பிடித்துக்கொண்டோம். மேசைமேல் விட்ட புத்தகத்தை உள்ளே வைக்கும் முன் ஒரு தாளில் பென்சில் கோடு போடுவது என்று அட்டெண்டரிடம் ஏற்பாடு. பூட்டையும் கழற்றினோம். ஆறு வாரத்தில் தமிழுக்கு எண்பத்து மூன்று கோடு. பெரிய எண் இல்லை. ஆனால் சில மலையாள, ஆங்கில வரிசைகளை விட அதிகம்.

நூலகக் குழுவில் அந்தத் தாளை டீச்சரே வைத்துப் பேசினார். நான் வெளி ஆள், உள்ளே போகவில்லை. பழைய பாடத்திட்டப் புத்தகங்களும் மூன்றுக்கு மேற்பட்ட பிரதிகளும் மட்டும் கழிவது, தமிழ் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

எங்கே வைப்பது என்பதில் அடுத்த பேச்சு. அவர்கள் 'பிற மொழிகள்' என்று தனி மூலையில் வைக்கலாம் என்றார்கள். டீச்சர்தான் தூயி தசம முறையை எடுத்துச் சொன்னார். டூயி என்பதும் உண்டு, எப்படிச் சொன்னாலும் 1876-இல் அமெரிக்காவில் வந்த அந்த வகைப்பாடு இன்னும் ஓடுகிறது. அதில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. மலையாள இலக்கியத்துக்கு 894.812. பக்கத்துப் பக்கத்து வீடு! எண் வரிசையில் வைத்தால் தமிழ் முடிகிற தட்டிலேயே மலையாளம் தொடங்கும். இத்தனை நாளும் அதைப் பிரித்து வைத்தது மர அலமாரி ஒன்றுதான். சிலப்பதிகாரத்தை மலையாளிகளும் சேர இளவரசர் எழுதியது என்று சொந்தம் கொண்டாடுகிறவர்கள்தானே.

நூலகக் கலை படித்தவர்கள் நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டன் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்துத்தான் துண்டு துண்டாக இணைக்கும் தம் கோலன் வகைப்பாட்டுக்கு யோசனை பிடித்தார் என்பார்கள். 1933-இல் அது நூலாக வந்தது. நட்டும் போல்ட்டும் கொண்டு வாழ்ந்தவனுக்கு இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம்! அவருடைய ஐந்து விதிகள் 1931-இல் அச்சானவை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது அதில் ஒன்று. எங்கள் பென்சில் கோடுகளை அவர் பார்த்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். வேலை 2022 செப்டம்பரில் தொடங்கியது. கழிவறைக் குழாயை மாற்றி, சுவரின் பூச்சை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொத்தி எடுத்து, தரையோரம் துளையிட்டுக் கரையான் மருந்து ஏற்றி, காய விட்டுப் பிறகு பூசுவது என்று ஒழுங்காகத்தான் திட்டம் போட்டேன். புத்தகங்களைக் கட்டுக் கட்டாக நடுவில் அடுக்கி, தூசு படாமல் இருக்கப் பாலிதீன் தாளால் இறுக்கமாக மூடச் சொன்னேன். குட்ஸ் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய கை. ஆனால் சிமெண்டு மூட்டை வேறு, புத்தகம் வேறு. எங்கள் ஊருக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் மழை ஓய்ந்து மூச்சு விடும் முன் அக்டோபரில் துலாவர்ஷம் இடியோடு வந்துவிடும். புதுப் பூச்சின் ஈரமும் மழையின் ஈரமும் பாலிதீனுக்குள் அடைபட்டு, மூன்று வாரம் கழித்துத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். கரையான் தின்றதை விட நான் கெடுத்தது குறைவுதான். இருந்தாலும் கெடுத்தது நான்.

டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாளே மாணவர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். வெயிலில் போடக்கூடாது, தாள் முறுகி மஞ்சளாகும் என்று டீச்சர் சொல்ல, வராந்தாவில் பெஞ்சு போட்டுப் புத்தகங்களை விசிறி போல் விரித்து நிற்க வைத்து மின்விசிறி ஓட்டினோம். ரொம்ப ஈரமானவற்றில் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை பழைய பத்திரிகைத் தாள் வைத்து, அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் பூஞ்சணத்தை மெல்லிய பிரஷ்ஷால், மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளியே வைத்துத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு துடைத்தால் அப்பிக்கொள்ளும். கொரோனாவில் மிஞ்சிய மாஸ்க் அதற்கு உதவியது. வீட்டில் பழைய புத்தகம் வைத்திருக்கும் அன்பர்கள், முக்கியமாக மும்பை மழையில் இருப்பவர்கள், இதைக் குறித்துக்கொள்ளலாம். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளி வையுங்கள். கண்ணாடிக் கதவை வாரம் ஒருமுறையாவது திறந்து காற்று விடுங்கள். நாப்தலின் உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது.

கடைசிக் கணக்கில் தமிழில் தேறியது 440-க்குச் சற்று மேல். வாத்தியாரின் பச்சை மைக் கையெழுத்து உள்ளவை முப்பத்தொன்று.

மீதிப் புதுப்பிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜன்னல்களை அடைத்திருந்த அலமாரிகளை நகர்த்தியதில் பகல் வெளிச்சம் மேசைக்கு வந்தது, கரண்டு பில்லும் குறைந்தது. ஸ்டீல் ரேக்குகளைத் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். பாலராமபுரத்தில் வாங்கிய கைத்தறித் துணியில் திரைச்சீலை. என்-லிஸ்ட் என்று 2010 முதல் இருக்கும் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருந்தும், அதன் வழியாக ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைப் பார்க்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு வகுப்பையும் நூலகத்துக்கு அழைத்து அரை மணி நேரம் காட்டுவது என்று டீச்சர் ஏற்படுத்தினார்.

கம்ப்யூட்டர் பட்டியலுக்கு கோஹா என்ற மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காகச் செய்து, 2000-ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. விலை கிடையாது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று அர்த்தமாம். அதில் தமிழைத் தமிழ் எழுத்திலேயே ஏற்றலாம். பழைய ரிஜிஸ்டரில் எல்லாத் தமிழ்த் தலைப்பையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். சிலப்பதிகாரம் ஓர் இடத்தில் 'எஸ்'ஸில், ஓர் இடத்தில் 'சி'யில். ஒரே நூல் மூன்று நூலாகக் கிடந்தது. தேடினால் எப்படிக் கிடைக்கும்? பிள்ளைகளில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாதவர்கள் பத்துப் பேர் கூட உட்கார்ந்தார்கள். தலைப்பை ஒருவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான், மற்றவள் அடிப்பாள். 'ழ'கரத்தில் மலையாளப் பிள்ளைகள் ஒருநாளும் தவறவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் தடுமாறின.

அந்தப் பத்துப் பேரில் ஒரு பையன், பெருமரத்தில் ஏறித் தேங்காய் வெட்டுகிறவரின் மகன், ஒருநாள் பஞ்சாயத்துக்கு எழுதிய தமிழ் மனு ஒன்றைக் காட்டித் திருத்தித் தரச் சொன்னான். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே சர்க்காருக்கு எழுதலாம் என்று இருக்கிறது. நான் முப்பத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு மனு கூட அப்படி எழுதியதில்லை. மூன்று பிழைதான் இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

நாக் குழு வந்தது, போனது. என்ன கிரேடு என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஹாலுக்கு வெளியே பூந்தொட்டிகள் இப்போதும் இருக்கின்றன, பூதான் இல்லை. டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு நிரந்தர ஆள் போடவில்லை. தினக்கூலி போல ஒருவரை வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளை, ஆனால் அடுத்த வருஷம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. நூலகத்துக்கு ரேக்கும் பெயிண்ட்டும் வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. நூலகருக்குச் சம்பளம் என்றால் கிடைப்பதில்லை. இதில் எனக்குள்ள கோபத்தை முதல்வரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் பேசியபோது பல அன்பர்கள், வீட்டில் உள்ள தமிழ்ப் புத்தகங்களை அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். நன்றி. ஆனால் ஒரு வேண்டுகோள். அட்டை போன பழைய வாரப் பத்திரிகை, கல்யாணத்தில் கிடைத்த ஒரே புத்தகத்தின் எட்டுப் பிரதி, பிள்ளைகளின் பழைய கைடு இவை வேண்டாம். அங்கே சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது என்பதுதான் உங்களுக்கே தெரியுமே! பிள்ளைகள் தேடுவது நல்ல சிறுகதைகள், வாழ்க்கை வரலாறு, அறிவியலை எளிதாகச் சொல்லும் நூல், தமிழிலிருந்து மலையாளத்துக்கும் மலையாளத்திலிருந்து தமிழுக்கும் போன மொழிபெயர்ப்புகள். பி.எஸ்.சி. சில தேர்வுகளுக்குத் தமிழிலும் வினாத்தாள் தருகிறது. அதற்கான தமிழ் அகராதி, இலக்கணப் புத்தகமும் உதவும். முதலில் பட்டியல் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். இங்கே இருப்பதை ஒத்துப் பார்த்து எது வேண்டும் என்று நான் எழுதுகிறேன். பிறகு அனுப்பினால் போதும். என் தமிழ் எழுத்துப் பிழைகளை இதழாசிரியர் திருத்திக்கொள்வாராக.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை பாசஞ்சரில் போகிறேன். கோஹாவில் ஏற்றும் வேலை ஏழாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. தமிழ் முழுவதும் ஏறிவிட்டது, வாத்தியாரின் முப்பத்தொன்றும் சேர்த்து. அதில் நான்கு இப்போது வெளியே இருக்கின்றன. ஒன்று திரும்ப வர வேண்டிய தேதி கடந்துவிட்டது.